பெரட்டுக்களத்து மரப்பொம்மைகள்

எனக்கு முகம் எழுத வராது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் என் படங்களைப் பார்த்தவர்கள் என்னைப் பெரிய மேதாவி என்றும், குறும்புக்காரன் என்றும், உலகத்தையே கேலி செய்கிறவன் என்றும் பேசியதுண்டு. மண்ணாங்கட்டி. கை, கால், முதுகு, வேட்டி மடிப்பு எல்லாம் ஒரு மாதிரி வந்துவிடும். முகத்துக்குப் போனால் ஒரு கண் மேலே ஏறிக்கொள்ளும், மூக்கு கொழுக்கட்டையாகிவிடும். அதனால்தான் முகமே இல்லாத மரப்பொம்மைகளை எழுதினேன். அப்படி எழுதிய ஒரு படத்தினால் ஒரு புருஷனையும் பெண்டாட்டியையும் தோட்டத்தை விட்டே கிளப்பிவிட்டேன். இதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை. சொல்ல வெட்கம்.

முப்பதுகளின் தொடக்கம் அது. மலாயாவில், ஜொகூர் பக்கத்து உலு திராமிலிருந்து உள்ளே, செம்மண் சாலையில் லாரி குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேரும் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. பெரிய கிராணி ஆபீசில் உட்கார்ந்து காகிதம் பார்ப்பார். ஓடுகிற வேலையெல்லாம் எனக்கு. விடிவதற்கு முன்னால் மணி அடித்ததும் ஆட்கள் ஆபீசுக்கு எதிரே இருக்கும் களத்தில் வரிசையாக வந்து நிற்பார்கள். அதற்குப் பெரட்டு என்று பெயர். நான் அரிக்கேன் விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேர் கூப்பிடுவேன். இருக்கேன் ஐயா என்று குரல் வரும். புள்ளி போடுவேன். நாலு வருஷம் தினமும் இதுதான். குரலைக் கேட்டே ஆள் யாரென்று சொல்லிவிடுவேன். யாருடைய முகத்தையும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. கிராணி என்கிற மிதப்பு அப்படி.

பொம்மை எனக்கு வந்தது துரைசாணியிடமிருந்து. தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரத் துரையின் மனைவியை எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். பொழுது போகாமல் அவர் பங்களா வராந்தாவில் உட்கார்ந்து மரம், மேகம், வாழைக்குலை என்று எழுதிக்கொண்டிருப்பார். தூரிகை கழுவ, தண்ணீர் மாற்ற என்று என்னைக் கூப்பிடுவார். அப்படியே எனக்கும் அந்தப் பைத்தியம் தொற்றிக்கொண்டது. மலைக்காய்ச்சல் மாறி மாறி வந்து அவர் ஊருக்குக் கப்பலேறியபோது, வண்ணப் பெட்டியையும் அந்தப் பொம்மையையும் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு முழ உயரம். முழங்கை, முழங்கால், இடுப்பு, கழுத்து எல்லாம் மடங்கும். தலை மட்டும் கோழிமுட்டை மாதிரி வழவழவென்று இருக்கும். ஆள் எப்படி நிற்கிறான், எப்படிக் குனிகிறான் என்று பழகுவதற்குத்தான் இது, முகத்தை மனிதர்களைப் பார்த்து எழுத வேண்டும் என்று அவர் சொல்லித்தான் கொடுத்தார். நான் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

முதல் படம் தோட்டத்து மருந்துக்கொட்டகை. ரப்பர் ஷீட் அடைக்கிற பலகைப் பெட்டியின் மூடியில் எழுதினேன். காய்ச்சலுக்குக் கொயினா மருந்து குடிக்க மரப்பொம்மைகள் வரிசையில் நிற்கின்றன. மருந்து ஊற்றுகிற டிரசரும் ஒரு பொம்மை. கரண்டியில் மருந்தை வைத்துக்கொண்டு, வாய் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் முதல் பொம்மையின் மண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான். ஆபீஸ் வாசலில் காயவைத்திருந்ததை லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்த ஜனங்கள் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வாயில்லாப் பூச்சிங்கன்னு நம்மளைத்தான் எழுதியிருக்காரு என்று ஒரு கிழவி சொன்னாள். நிஜ டிரசர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

அப்புறம் நிறுத்த முடியவில்லை. ஒரு கல்யாணம் எழுதினேன். மாப்பிள்ளைப் பொம்மை, பெண் எது என்று தெரியாமல் புரோகிதர் கழுத்தில் தாலி கட்டிக்கொண்டிருக்கும். ஒரு சாவு எழுதினேன். பாடையைத் தூக்கிப் போகிற நாலு பேரும் மேலே கிடப்பவனும் ஒரே மாதிரிப் பொம்மைகள்; கிடப்பவன் எழுந்து உட்கார்ந்து, முன்னால் போகிறவனிடம் தோள் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கிற தோரணையில் கை நீட்டியிருப்பான். இதைப் பார்த்துச் சிரித்தவர்கள் சிரித்து முடித்ததும் அந்தப் பாடையையே திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். நான்தான் எழுதினேன் என்றாலும், அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று எனக்கும் விளங்கவில்லை. ரப்பர் விலை விழுந்து போய், பக்கத்துத் தோட்டங்களில் ஆட்களைக் கழித்துக் கட்டிக்கொண்டிருந்த சமயம். எல்லாருடைய மனசிலும் அந்தப் பயம் இருந்தது.

இனி அந்த இரண்டு பேர். புருஷனுக்கு நாற்பது, நாற்பத்தைந்து வயசிருக்கும். தோட்டத்திலேயே முதல்தரமான பால்வெட்டு, பட்டையைக் கீறிப் பால் இறக்குவதில் கெட்டிக்காரர் என்று பேர் வாங்கியவர். இரண்டு வருஷமாகக் கண் மங்கிக்கொண்டே வந்து, கடைசியில் பகல், இரவு மட்டும் தெரிகிற அளவுக்குப் போய்விட்டது. துரைக்குத் தெரிந்தால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும். அதனால் லயத்து ஆட்கள் கூடிப் பேசி, அவர் பங்கு மரங்களை ஆளுக்கு இருபது, முப்பது என்று பிரித்துக்கொண்டார்கள். அவரவர் நிரையை வெட்டி முடித்த கையோடு அவருடையதையும் வெட்டிப் பாலை அவர் வாளியில் ஊற்றுவார்கள். அவர் சும்மா உட்கார மாட்டார். பால் வடிகிற கோப்பைகளைக் கழுவுவார், வாளி சுமப்பார், கத்திகளையெல்லாம் தொட்டுப் பார்த்தே சாணை பிடித்துக் கொடுப்பார்.

பெரட்டுக்கு அவரைக் கொண்டுவந்து நிறுத்துவதுதான் சங்கடம். கையைப் பிடித்து அழைத்துவந்தால் துரை கண்டுபிடித்துவிடுவார். அதற்கு அவர் மனைவி ஒரு வழி வைத்திருந்தார். ஒரே வாளி. கைப்பிடியின் ஒரு பக்கம் அவர் கை, இன்னொரு பக்கம் இவர் கை. பார்க்கிறவர்களுக்கு, சேர்ந்து சுமக்கிறார்கள் என்றுதான் தோன்றும். வாளி திரும்புகிற பக்கம் அவர் திரும்புவார், நின்றால் நிற்பார். மரங்களுக்கு நடுவிலேயும் அப்படியேதான் நடப்பார்கள்.

எனக்கு இது தெரியும். முதல் மாதத்திலேயே கண்டுகொண்டேன். வாயைத் திறக்கவில்லை. என் ஆயுசில் நான் உருப்படியாகச் செய்த காரியம் என்று ஏதாவது இருந்தால் அது அந்த வாய் திறவாமைதான். ஒருநாள் அந்தம்மா ஒரு கட்டு முருங்கைக்கீரையை ஆபீஸ் படியில் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"ஐயா, நீங்க பாத்தும் பாக்காத மாதிரி இருக்கீங்க. எங்களுக்கு அது போதும்."

கழித்துக் கட்டினால் அவர்கள் கப்பலேறிப் போக வேண்டியது இந்தியாவில் உள்ள ஊருக்கு. ஊர் என்றால் எது? அந்தம்மா ஜொகூரிலேயே பிறந்தவர், கடலைக்கூடக் கண்டதில்லை. புருஷனுக்கு ஊரில் இருந்தவர்களெல்லாம் செத்துப்போயிருந்தார்கள். இங்கே அவருக்குப் பதிலாக மரம் வெட்ட ஒரு லயமே இருந்தது. அங்கே யார் இருக்கிறார்கள்? இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நன்றாகத் தெரியும்.

சாவுப் படம் எப்படியோ துரையின் காதுக்கு எட்டியது. பங்களாவுக்கு எடுத்துவரச் சொன்னார். அக்கம்பக்கத்துத் தோட்டத் துரைகள் மூன்று பேர் வந்திருந்தார்கள். படத்தை நாற்காலியில் சாய்த்து வைத்தேன். அப்படிச் சிரித்தார்கள். ஒருவர் என் முதுகில் தட்டினார். உட்காரச் சொல்லவில்லை, ஆனால் குசினிக்காரனிடம் எனக்கு ஒரு கிளாஸ் லெமனேட் கொடுக்கச் சொன்னார்கள். அதை நின்றுகொண்டே குடித்தேன். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. கிளம்பும்போது துரை, பெரட்டுக்களத்தை இதே மாதிரி பொம்மைகளாக எழுதிக் கொடு, வராந்தாவில் மாட்டுகிறேன் என்றார்.

மூன்று வாரம் உட்கார்ந்தேன். ஜொகூர் பாருவுக்குப் போய்த் சீனத் தவுக்கே கடையில் நீல வண்ணமும் வெள்ளையும் வாங்கி வந்தேன். விடிவதற்கு முந்திய இருட்டு, நடுவில் அரிக்கேன் வெளிச்சம், மூன்று வரிசை மரப்பொம்மைகள். நன்றாகத்தான் வந்தது. ஆனால் சிரிப்பு வரவில்லை. பொம்மைகள் சும்மா நிற்கின்றன. கடையில் அடுக்கிவைத்த மாதிரி இருக்கின்றன. துரைகள் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்களே என்று எனக்குத் தவிப்பாக இருந்தது. ஏதாவது ஒன்று வேண்டும், ஒரே ஒரு சின்ன விஷயம். இரண்டாவது வரிசையின் ஓரத்தில் இரண்டு பொம்மைகள் கையில் ஒரே வாளியைக் கொடுத்தேன். ஒன்று நேராக முன்னால் பார்க்கிறது. இன்னொன்று தலையைக் கொஞ்சம் தப்பான பக்கம் திருப்பி, விளக்கு எங்கே என்று தேடிக்கொண்டு நிற்கிறது.

படம் உயிர் பெற்றுவிட்டது. நானே தனியாக உட்கார்ந்து சிரித்தேன். இது தப்பில்லையா என்று ஒரு கணம் தோன்றாமல் இல்லை. முகம் இல்லையே, யாருக்கு என்ன தெரியப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலு வருஷமாக முகம் பார்க்காமலே அந்த வரிசையில் ஒவ்வொருவரையும் அடையாளம் சொன்னவன் நான். எனக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

பங்களாவுக்குக் கொண்டுபோகிற வழியில் லயத்துப் பெண்கள் இரண்டு பேர் படத்தைப் பார்த்தார்கள். சிரிக்கவில்லை. ஒருத்தி வாளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்போதாவது திரும்பியிருக்கலாம். ஒரு கரண்டி டர்பன்டைனில் அந்த மூலையைத் துடைத்திருக்கலாம். படம் கெட்டுப்போய்விடும் என்று நான் நினைத்தேன். ஆமாம், படம்.

வராந்தாவில் அதே துரைகள் இருந்தார்கள். சிரிப்பு வந்தது, நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே வந்தது. எங்கள் துரைக்குத் தோட்டத் தமிழ் நன்றாகவே வரும். படத்துக்குக் கிட்டே குனிந்து வாளியைச் சுட்டிக் காட்டி, இது என்ன, ரெண்டு பேருக்கு ஒரு வாளி என்று கேட்டார். வாளி போதவில்லை துரை என்று சொல்லியிருக்கலாம். சும்மா எழுதினேன் என்று சொல்லியிருக்கலாம். நாலு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாய்க்கொழுப்பு என்னை விடவில்லை.

"அந்தப் பொம்மைக்கு மட்டும் கண்ணு தெரியாது, தொரை" என்றேன்.

எந்தப் பொம்மைக்குத்தான் கண் இருக்கிறது? அதுதான் வேடிக்கை. அதைப் புரிந்துகொண்டு விருந்தாளிகள் மூன்று பேரும் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். எங்கள் துரையும் சிரித்தார், ஆனால் மற்றவர்களுக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டார். திரும்பவும் படத்தைப் பார்த்தார்.

மூன்றாம் நாள் பெரட்டுக்குத் துரை தாமே வந்தார். வழக்கமாக வந்தால் விளக்குக்குப் பக்கத்தில் நின்று ஆட்களின் முகத்தைப் பார்ப்பார். அன்றைக்கு வரிசைக்குள் நடந்து, ஒவ்வொருவர் கையாகப் பார்த்துக்கொண்டே போனார். நான் பேர் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். வாளிக்கு எதிரே போய் நின்றார். அந்தம்மாவிடம் வாளியை விடச் சொன்னார். அவர் விட்டார். பிறகு அவர் புருஷனை நாலடி முன்னால் வரச் சொன்னார்.

அவர் வந்தார். நாலடியும் சரியாகத்தான் வைத்தார், ஆனால் துரை நின்ற பக்கம் அல்ல. வெறும் இருட்டுக்கு எதிரே போய் நிமிர்ந்து நின்று, இருக்கேன் தொரை என்றார்.

துரை கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கத்தவில்லை, அடிக்கவில்லை. இத்தனை பேரை ஊருக்கு அனுப்பு என்று கம்பெனியிலிருந்து அவருக்குக் கடிதம் வந்திருந்தது. அதற்குப் பதில் தட்டச்சு அடித்தவனும் நான்தான். வேலை செய்ய முடியாதவர்கள் முதலில் என்பது கணக்கு. ஆபீசுக்குள் வந்து, பட்டியலில் அந்த இரண்டு பேரையும் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். போகும்போது என் தோளைத் தொட்டு, "ஒனக்கு நல்ல கண்ணு, கிராணி. நீ எழுதலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார். மனசாரப் பாராட்டினார். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது.

லயத்து ஆட்கள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முன்பெல்லாம் புதுப் படம் என்ன என்று கேட்டு ஆபீஸ் வாசலில் வந்து நிற்பார்கள். இப்போது வாசலைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பேர் கூப்பிட்டால் பதில் வரும், அதோடு சரி. பெரிய கிராணி மட்டும் ஒருநாள், உனக்கு எதுக்கய்யா இந்த வேலை என்று கேட்டார்.

கடைசியில் ரோஷம் வந்து, துரையிடம் போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். படம் என் கற்பனை, அந்த ஆள் நல்ல உழைப்பாளி, பால் ஒருநாளும் குறையவில்லை, கத்தி சாணை பிடிக்கவாவது வைத்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே பங்களாவுக்குப் போனேன். துரை வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டார். படத்துக்கு வார்னிஷ் அடிக்க வேண்டும் துரை, இல்லாவிட்டால் பூசணம் பிடிக்கும் என்றேன். நல்லது, அடி என்றார். அடித்தேன். பகல் முழுக்க அந்த வராந்தாவில் உட்கார்ந்து, பெரட்டுக்களம் முழுவதையும், வாளி உட்பட, பளபளவென்று ஆக்கிவிட்டு இறங்கி வந்தேன். அடச்சீ. இதை எழுதுகிற இந்த நேரத்திலும் என் காது சூடாகிறது.

அவர்கள் போகிற அன்று லாரி ஆபீசுக்கு எதிரே வந்து நின்றது. ஜொகூர் பாரு போய், அங்கிருந்து பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூரில் கப்பல். மொத்தம் பதினொரு பேர். லயமே திரண்டு வந்திருந்தது. நான் கையில் பட்டியலோடு நின்றேன். பேர் கூப்பிட வேண்டியவன் நானாயிற்றே. ஒவ்வொருவராக ஏறினார்கள். அந்தக் கண் தெரியாதவர் பேர் வந்ததும் அவர் ஏறவில்லை. மனைவியின் தோளில் கை வைத்துக்கொண்டு என் குரல் வந்த திசையில் நடந்து வந்தார். வையப்போகிறார் என்று நினைத்தேன். என்னை அறைந்தால்கூடத் தேவலை.

அவர் சிரித்துக்கொண்டிருந்தார். யாரும் அவரிடம் விவரம் சொல்லவில்லை. துரை தாமாகவே கண்டுபிடித்துவிட்டார் என்றுதான் அவர் நினைத்திருந்தார். அந்தம்மா அப்படி நினைக்க விட்டிருக்கிறார். எனக்கு அது அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது.

"ஐயா, பங்களாவுல மாட்டுற மாதிரி என்னையும் படமா எழுதியிருக்கீங்களாமே. பசங்க பேசிக்கிட்டாங்க" என்றார். "எனக்குப் பாக்கக் குடுத்து வைக்கல. எம் மொகம் எப்படிய்யா வந்திருக்கு?"

முதல்தடவையாக அவர் முகத்தைப் பார்த்தேன். இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. மீசையில் பாதி நரைத்திருந்தது. கன்னத்தில், சிரிக்கும்போது ஆழமாக ஒரு கோடு விழுந்தது. நாலு வருஷம் தினமும் எனக்கு எதிரே நின்ற முகம். அவர் பதிலுக்குக் காதைச் சாய்த்துக் காத்துக்கொண்டு நின்றார். லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

அந்தம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. பிறகு புருஷன் பக்கம் திரும்பினார்.

"நல்லா எழுதியிருக்காரு. நீங்க சிரிச்ச மொகமா இருக்கீங்க" என்றார். "இல்லீங்களா ஐயா?"

ஆமாம் என்றேன்.